யெல்லோ ஸ்பிரிங்ஸ்: நிலத்தைக் காத்த ஊரும் ஏறிப்போன வீட்டு விலையும்

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் டேட்டன் நகரத்திலிருந்து கிழக்கே காரில் அரை மணி நேரம் போனால் யெல்லோ ஸ்பிரிங்ஸ் வந்துவிடும். 2020 கணக்கெடுப்பின்படி 3,697 பேர் வாழும் ஊர். சுற்றிலும் மக்காச்சோளமும் சோயாவும் விளையும் சமவெளி. கிரீன் கவுண்டி முழுவதும் குடியரசுக் கட்சியின் கோட்டை. இந்த ஒரு ஊர் மட்டும் தேர்தலுக்குத் தேர்தல் எதிர்ப்பக்கம் ஓட்டுப் போடும். வெளியூர்க்காரர்கள் ஐஸ்கிரீம் சாப்பிடவும், சைக்கிள் ஓட்டவும், கைவினைக் கடைகளைச் சுற்றிப் பார்க்கவும் வருகிறார்கள். வார இறுதியில் ஜீனியா அவென்யூ என்னும் கடைவீதியில் காரை நிறுத்த இடம் கிடைப்பது கஷ்டம்.

இவ்வளவு சின்ன ஊர் எப்படி இத்தனை காலம் தன் முகத்தை மாற்றிக்கொள்ளாமல் இருக்கிறது? அமெரிக்காவின் மத்திய மேற்கில் ஆலை மூடியதும் காலியான ஊர்கள் ஏராளம். பக்கத்து நகரம் வீங்கி விழுங்கிவிட்ட ஊர்களும் உண்டு. யெல்லோ ஸ்பிரிங்ஸ் இரண்டுக்கும் தப்பியது. தனக்கு வேண்டியதைத் தானே காசு போட்டு வாங்கி, பொதுவில் வைத்துக்கொள்ளும் பழக்கம் இந்த ஊருக்கு இருக்கிறது. அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். இன்று ஊரை வாட்டும் பிரச்சினையும் அதே பழக்கத்தின் விளைவுதான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

முதலில் ஊரின் சட்ட நிலை. ஒஹாயோவில் மக்கள்தொகை ஐயாயிரத்தைத் தொட்டால் நகரம், அதற்குக் கீழே என்றால் கிராமம். கிராமம் என்பதால் அதிகாரம் குறைந்தது என்று நினைத்துவிட வேண்டாம். யெல்லோ ஸ்பிரிங்ஸுக்கு ஐந்து பேர் கொண்ட தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இருக்கிறது. சொந்தப் போலீஸ் இருக்கிறது. குடிநீரும் கழிவுநீரும் மட்டுமல்ல, வீடுகளுக்கு மின்சாரம் கொண்டுபோகும் கம்பிகளும் ஊருக்கே சொந்தம். எந்த மின்சாரத்தை வாங்குவது என்பதை மன்றமே முடிவு செய்கிறது. 1880இலிருந்து வெளிவரும் வாரப் பத்திரிகை ஒன்றும் இன்றுவரை நிற்காமல் வருகிறது. மன்றத்தில் யார் என்ன பேசினார்கள் என்பது அடுத்த வாரமே அச்சில் வந்துவிடும்.

ஊருக்குப் பெயர் கொடுத்த ஊற்று, கிழக்கே உள்ள காட்டுக்குள் இருக்கிறது. மழைநீர் சுண்ணாம்புப் பாறை இடுக்குகளில் இறங்கி, அடியில் நீர் புகாத களிப்பாறையில் முட்டி, பக்கவாட்டில் வழிந்து வெளியே வருகிறது. நீரில் இரும்பு அதிகம். காற்றுப் பட்டதும் அது துருவாக மாறிப் பாறைமேல் படிகிறது. பார்ப்பதற்கு மஞ்சளைவிடச் செங்காவிக்குத்தான் நெருக்கம். நீரிலுள்ள சுண்ணாம்பும் படிந்து படிந்து, ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் ஒரு மேடே உருவாகியிருக்கிறது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், பனியுகத்தின் முடிவில் உருகி ஓடிய நீர் அறுத்த கிளிஃப்டன் பள்ளத்தாக்கு. இரு பக்கமும் செங்குத்தான பாறை, நடுவே லிட்டில் மயாமி ஆறு. தட்டையான வயல்வெளியில் நடந்து வருகிறவர் காலடியில் இப்படி ஒரு பிளவு திறக்கும் என்று எதிர்பார்க்கவே மாட்டார். 1969இல் ஒஹாயோ மாநிலம் முதன்முதலாக எழில் ஆறு என்று அறிவித்துப் பாதுகாப்புக் கொடுத்தது இந்த ஆற்றுக்குத்தான்.

இது ஷானி பழங்குடிகளின் நாடு. யெல்லோ ஸ்பிரிங்ஸுக்கும் ஜீனியா நகரத்துக்கும் இடையே உள்ள ஓல்டுடவுனில் அவர்களுடைய பெரிய ஊர் ஒன்று இருந்தது. 1795 கிரீன்வில் உடன்படிக்கையோடு தெற்கு ஒஹாயோ அவர்கள் கையைவிட்டுப் போனது. 2024இல் ஓல்டுடவுனில் ஷானி வரலாற்றைச் சொல்லும் மாநிலப் பூங்கா திறந்தார்கள். இவ்வளவு காலம் கழித்துத்தானா என்ற வருத்தம் எனக்கு உண்டு.

1825இல் வில்லியம் மில்ஸ் என்பவரும் ஏறத்தாழ நூறு குடும்பங்களும் இங்கே குடியேறினார்கள். ராபர்ட் ஓவன் இண்டியானாவில் தொடங்கிய நியூ ஹார்மனி என்னும் பொதுவுடைமைக் குடியிருப்பைப் பார்த்து, அதே மாதிரி சொத்தும் உழைப்பும் பொதுவாக வாழ்வது என்று திட்டம். உள்ளுக்குள் ஒத்துப்போகாமல் சீக்கிரமே கலைந்துபோனது. அப்புறம் 1846இல் ரயில் வந்தது. ஊற்றுநீர் உடம்புக்கு நல்லது என்று சொல்லி ஓட்டல்கள் எழுந்தன. ஆற்றின் மேல்புறத்தில் 1802இல் கட்டிய மாவு ஆலையோடு முன்னால் நின்ற கிளிஃப்டன் ஊருக்கு ரயில் போகவில்லை. அதில் இன்று 150 பேர்கூட இல்லை. ஆலை மட்டும் இன்னும் இருக்கிறது. கிறிஸ்துமஸ் சமயத்தில் அதன் விளக்கலங்காரத்தைப் பார்க்கக் கூட்டம் கூடுகிறது.

யெல்லோ ஸ்பிரிங்ஸை யெல்லோ ஸ்பிரிங்ஸாக ஆக்கியது ஆன்டியாக் கல்லூரி. 1853இல் வகுப்புகள் தொடங்கின. முதல் தலைவர் ஹொரேஸ் மான், அமெரிக்காவில் அரசுப் பொதுப்பள்ளிகளுக்காகப் பாடுபட்டவர். ஆணும் பெண்ணும் ஒரே பாடத்திட்டத்தில் படித்தார்கள். ரெபெக்கா பென்னல் என்ற பெண் பேராசிரியருக்கு ஆண் பேராசிரியர்களுக்கு இணையான பதவியும் சம்பளமும் கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் இது சாதாரண விஷயமல்ல. 1859 பட்டமளிப்பு விழாவில் மான் மாணவர்களிடம் சொன்னது இன்றும் அந்தக் கல்லூரியின் வேதவாக்கு: மனிதகுலத்துக்காக ஏதாவது ஒரு வெற்றியைப் பெறும்வரை சாவதற்கு வெட்கப்படுங்கள். சொன்ன சில வாரங்களில் அவரே இறந்துபோனார்.

கல்லூரியின் இந்தப் பெயர்தான் மான்க்யூர் கான்வேயை இங்கே வரவைத்தது. வர்ஜீனியாவில் அடிமைகளை வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை. அடிமைமுறையை எதிர்த்து வீட்டைவிட்டு வந்தவர். 1862இல் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோது, தன் தந்தையின் அடிமைகள் வாஷிங்டனுக்குத் தப்பி வந்திருப்பதாக அவருக்குத் தெரியவந்தது. முப்பது பேருக்கு மேற்பட்ட அந்தக் கூட்டத்தைத் தானே அழைத்துக்கொண்டு, அடிமைமுறை இன்னும் சட்டமாக இருந்த மேரிலாந்து வழியாக ரயிலில் கிளம்பினார். பால்டிமோரில் யாராவது கும்பல் கூடித் தடுத்திருந்தால் கதை வேறாகியிருக்கும். அவர்கள் யெல்லோ ஸ்பிரிங்ஸ் வந்து இறங்கி, இங்கேயே வேர்விட்டார்கள். கான்வே பின்னாளில் லண்டனில் குடியேறினார். 1884இல் சென்னை அடையாறுக்கு வந்து பிரம்மஞான சபையின் பிளாவட்ஸ்கியைச் சந்தித்தவரும் இவரேதான்.

இந்த ஊர் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த மனிதர் கான்வே அல்ல, வீலிங் கான்ட். கென்டக்கியில் அடிமையாகப் பிறந்தவர். எஜமானனுக்கு உழைத்த நேரம் போக மிச்ச நேரத்தில் கிடைத்த வேலையெல்லாம் செய்து, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் காசு சேர்த்து, 1840களில் 900 டாலர் கொடுத்துத் தன்னைத்தானே விலைக்கு வாங்கினார். அப்புறம் மனைவியையும் அதேபோல் மீட்டார். 1860களில் யெல்லோ ஸ்பிரிங்ஸ் வந்து, வீடும் நிலமுமாக ஊரின் வசதியான ஆட்களில் ஒருவரானார். 1894இல் இறக்கும்போது ஒன்பது ஏக்கர் நிலத்தை ஊருக்கு எழுதிவைத்தார். ஒரு நிபந்தனை: நிலத்தில் வரும் வருமானத்தில் ஆண்டுதோறும் ஊரிலுள்ள ஏழை விதவைகளுக்கு மாவு கொடுக்க வேண்டும்.

அந்த நிலம் இப்போது பூங்கா. நீச்சல் குளமும், பனிக்காலத்தில் பிள்ளைகள் சறுக்கி விளையாடும் சரிவும் அங்கேதான். ஆனால் உயில் செத்துப்போகவில்லை. டிசம்பர் மாதம் ஊராட்சிப் பணியாளர்கள் வண்டியில் மாவுப் பைகளை ஏற்றிக்கொண்டு விதவைகளின் வீடு வீடாகப் போகிறார்கள். இடையில் ஒரு காலத்தில் சர்க்கரையும் சேர்ந்துகொண்டது. பத்துப் பவுண்டு மாவு, பத்துப் பவுண்டு சர்க்கரை. வாங்குகிறவர்களில் பலருக்கு அது தேவையே இல்லாமல் இருக்கலாம். இருந்தாலும் அந்த ஆண்டு கணவனை இழந்த ஒரு பெண்ணின் வாசலில் ஊர் வந்து நிற்கிறது. தன்னையே விலைபேசிய நாட்டில், ஊருக்கே கொடையாளியான ஒருவரின் பெயரைச் சொல்லிக்கொண்டு நிற்கிறது. நூற்றுமுப்பது ஆண்டுகளாக ஒரு வாக்கை இப்படிக் காப்பாற்றுவதை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

இருபதாம் நூற்றாண்டு யெல்லோ ஸ்பிரிங்ஸுக்கு ஒரே ஆள் பெயரைச் சொல்லச் சொன்னால் ஆர்தர் மார்கனைத்தான் சொல்வேன். கல்லூரிப் பட்டம் இல்லாத பொறியாளர். 1913 மார்ச்சில் பெருவெள்ளம் டேட்டனை மூழ்கடித்து நூற்றுக்கணக்கானோர் இறந்தபோது, இனி அப்படி நடக்காமலிருக்கத் திட்டம் போடும் வேலை இவரிடம் வந்தது. இவர் கட்டிய ஐந்து அணைகளும் வறண்ட அணைகள். சாதாரண நாளில் பின்னால் தண்ணீர் தேங்காது. வயலும் பூங்காவுமாக இருக்கும். அடியிலுள்ள திறப்பு, கீழே உள்ள ஆற்றுப்படுகை தாங்கும் அளவுக்கு மட்டுமே நீரை விடும். வெள்ளம் வந்தால் மிச்சம் தானாகவே பின்னால் தேங்கி, மெதுவாக வடியும். மதகைத் திறக்க ஆள் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். 1922இல் முடிந்த வேலை. அதற்குப் பிறகு டேட்டன் அந்த மாதிரி மூழ்கியதில்லை.

1920இல் மார்கன் ஆன்டியாக் தலைவரானார். கல்லூரி அப்போது மூடும் நிலையில் இருந்தது. மாணவர்கள் சில மாதம் வகுப்பில், சில மாதம் எங்காவது ஒரு தொழிற்சாலையிலோ அலுவலகத்திலோ உண்மையான வேலையில் என்று மாறி மாறிப் படிக்கும் முறையைக் கொண்டுவந்தார். ஊருக்குள் சின்னச் சின்னத் தொழில்கள் தொடங்கவும் ஊக்கம் கொடுத்தார். 1933இல் அதிபர் ரூஸ்வெல்ட் அவரை, அணைகள் கட்டி மின்சாரம் தரும் அரசு அமைப்பான டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்தின் முதல் தலைவராக்கினார். சக இயக்குநர்களோடு மோதல் முற்றி 1938இல் பதவியிலிருந்து நீக்கவும் செய்தார். மார்கன் யெல்லோ ஸ்பிரிங்ஸுக்கே திரும்பினார். பெரிய நகரம் மனிதரை உருவாக்குவதில்லை, ஒருவரையொருவர் தெரிந்த சிறிய சமூகம்தான் உருவாக்குகிறது என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. அதற்காகவே 1940இல் இங்கே ஒரு அமைப்பைத் தொடங்கினார்.

இந்த இடத்தில் கதை நம் பக்கம் வருகிறது. சுதந்திர இந்தியா 1948இல் ராதாகிருஷ்ணன் தலைமையில் பல்கலைக்கழகக் கல்விக் குழுவை அமைத்தபோது, அதில் வெளிநாட்டு உறுப்பினர்களில் ஒருவராக மார்கன் இருந்தார். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியாரும் அதே குழுவில் இருந்தார். குழு அறிக்கையில் கிராமப்புறப் பல்கலைக்கழகங்கள் பற்றிய பகுதியில் மார்கனின் கை அழுத்தமாகப் பதிந்திருக்கிறது: கிராமத்துப் பிள்ளையை நகரத்துக்குப் பிடுங்கிக்கொண்டு போகும் படிப்பு வேண்டாம், வேலையும் படிப்பும் சேர்ந்த, கிராமத்திலேயே வேர்விட்ட உயர்கல்வி வேண்டும். இதன் தொடர்ச்சியாக 1956இல் கிராமிய உயர்கல்வி நிறுவனங்கள் சில தேர்ந்தெடுக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று திண்டுக்கல் அருகே சௌந்திரம் அம்மையாரும் ஜி. ராமச்சந்திரனும் உருவாக்கிய காந்திகிராமம். அதன் அடித்தளம் காந்தியின் ஆதாரக் கல்விதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அரசுக் கொள்கையில் அதற்கு இடம் கிடைத்த வழியில் ஒரு ஒஹாயோ கிராமத்தின் அனுபவமும் கலந்திருக்கிறது.

மார்கன் விரும்பிய சிறுதொழில்கள் ஊரில் உண்மையிலேயே முளைத்தன. நம்மில் பலர் வீட்டில் உள்ள ஒரு பொருளோடு தொடர்புள்ளதை மட்டும் சொல்கிறேன். 1950களின் நடுவில், ஆன்டியாக்கோடு இணைந்த ஆய்வுக்கூடத்தில் லேலண்ட் கிளார்க் என்ற உயிர்வேதியியலாளர், இதய அறுவைச் சிகிச்சையின்போது ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறது என்று உடனுக்குடன் அளக்க வழி தேடிக்கொண்டிருந்தார். பிளாட்டின மின்முனையை நேரடியாக ரத்தத்தில் வைத்தால் புரதம் ஒட்டிக் கெட்டுப்போகும். அவர் அதை மெல்லிய பாலித்தீன் படலத்துக்குப் பின்னால் வைத்தார். படலம் ஆக்சிஜனை விடும், புரதத்தை விடாது. அவ்வளவுதான் தந்திரம். பிறகு 1962இல் அந்தப் படலத்தோடு குளுக்கோஸைச் சிதைக்கும் நொதியையும் சேர்த்தால் சர்க்கரையையும் அளக்கலாம் என்று காட்டினார். 1948இல் இதே ஊரில் தொடங்கிய கருவி நிறுவனம் ஒன்று 1975இல் அந்த அடிப்படையில் குளுக்கோஸ் அளக்கும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்க்கும் இன்றைய கருவிகள் எல்லாம் அந்த வம்சாவளியில் வந்தவை.

முற்போக்கான ஊர் என்று பெயர் எடுத்ததால் எல்லாம் சரியாக இருந்தது என்றில்லை. 1960களில் கடைவீதியில் ஒரு முடிதிருத்துபவர் கறுப்பினத்தவருக்கு முடிவெட்ட மறுத்தார். வழக்கு, மறியல் என்று ஆண்டுக்கணக்கில் இழுத்தது. 1964 மார்ச் 14 அன்று மாணவர்களும் ஊர்க்காரர்களும் தெருவில் உட்கார்ந்தபோது, வெளியிலிருந்து வந்த போலீஸ் கண்ணீர்ப்புகையும் தண்ணீர்க் குழாயும் பயன்படுத்தியது; நூறு பேருக்கு மேல் கைதானார்கள். கடைக்காரர் கடையை மூடிவிட்டார். மார்ட்டின் லூதர் கிங்கின் மனைவி கொரெட்டா ஸ்காட் கிங் ஆன்டியாக்கில் படித்தவர் என்பதால் 1965இல் கிங்கே இங்கு வந்து பட்டமளிப்பு உரை ஆற்றினார். அமெரிக்கச் சிறார் இலக்கியத்தில் பெரும்பெயர் பெற்ற வர்ஜீனியா ஹாமில்டன் பிறந்ததும் வாழ்ந்ததும் இந்த மண்ணில்தான். அடிமைத்தளையிலிருந்து தப்பி ஒஹாயோ வந்த லீவை பெரியின் பேத்தி அவர்.

இனி நிலம். ஊற்று இருக்கும் காட்டை 1929இல் ஹியூ டெய்லர் பர்ச் என்ற பழைய மாணவர், இறந்துபோன தன் மகள் ஹெலன் நினைவாகக் கல்லூரிக்குக் கொடுத்தார். கிளென் ஹெலன் என்ற பெயர் அப்படி வந்தது. 1960 வாக்கில் அதன் ஊடே நெடுஞ்சாலை போடப் பேச்சு வந்தபோது ஊர் திரண்டு எதிர்த்தது; அந்தப் போராட்டத்தில் உருவான சங்கம் இன்றும் இருக்கிறது. 1999இல் ஊரின் வடக்கு எல்லையில் 940 ஏக்கர் பண்ணை ஒன்று ஏலத்துக்கு வந்தது. துண்டு போட்டு விற்றால் வடக்கே உள்ள ஸ்பிரிங்ஃபீல்ட் நகரத்தின் பக்கமிருந்து வீட்டு மனைகள் ஊர் வாசல்வரை வந்துவிடும். சில வாரங்களில் ஊர்க்காரர்கள் நன்கொடை திரட்டினார்கள், ஊராட்சியும் பணம் போட்டது. நிலத்தையே வாங்குவதற்காக அல்ல. அதில் கட்டடம் கட்டும் உரிமையை மட்டும் நிரந்தரமாக விலைக்கு வாங்கி முடக்குவதற்காக. நிலம் தனியார் கையில் இருக்கும், விவசாயம் நடக்கும், ஆனால் யார் வாங்கினாலும் மனை போட முடியாது. ஊரைச் சுற்றிப் பல ஆயிரம் ஏக்கர் இதே முறையில் பாதுகாக்கப்பட்டிருக்கிறது.

கல்லூரிக்குத்தான் அந்த அதிர்ஷ்டம் அமையவில்லை. 1970களின் தொடக்கத்தில் இரண்டாயிரத்துக்கும் மேல் மாணவர்கள் இருந்தார்கள். 1973இல் ஏழை மாணவர்களின் உதவித்தொகை தொடர்பாக நடந்த நீண்ட வேலைநிறுத்தத்துக்குப் பிறகு எண்ணிக்கை சரிந்தது, மீளவே இல்லை. கல்லூரியிலிருந்து வளர்ந்து பல நகரங்களில் கிளை திறந்த ஆன்டியாக் பல்கலைக்கழகத்தின் நிர்வாகம் 2008இல் தாய்க் கல்லூரியையே மூடிவிட்டது. பழைய மாணவர்கள் 2009இல் வளாகத்தை விலைக்கு வாங்கி, 2011இல் 35 மாணவர்களோடு மறுபடி திறந்தார்கள். இன்றும் அது மிகச் சிறிய கல்லூரிதான், பணத்துக்குத் திண்டாடுகிறது. 2020இல் கிளென் ஹெலனைப் பராமரிக்க முடியாமல் விற்றபோது, பழைய போராட்டத்தில் பிறந்த அதே சங்கம் 25 லட்சம் டாலருக்கு அதை வாங்கிக்கொண்டது.

இப்படிக் காடும் வயலும் பத்திரமாக இருக்கின்றன. அதனாலேயே வீடு கட்ட இடம் இல்லை. அழகான ஊர், நல்ல பள்ளி, நடந்து போகும் தூரத்தில் காடு, பக்கத்திலேயே ரைட்-பேட்டர்சன் விமானப்படைத் தளத்தில் நல்ல சம்பள வேலை. வர விரும்புகிறவர்கள் கூடினார்கள், வீடுகள் கூடவில்லை, விலை ஏறியது. முதலில் வெளியேறியது யார் என்று பார்த்தால் மனம் கனக்கிறது. 1970களில் ஊரில் ஏறத்தாழ நாலில் ஒருவர் கறுப்பினத்தவர். 2010இல் எட்டில் ஒருவர். விலையேற்றம் மட்டும் காரணமல்ல. கல்லூரி சுருங்கியது, தொழிற்சாலைகள் போயின, பிள்ளைகள் வேலை தேடிப் போனார்கள். ஆனாலும் கான்ட்டும் கான்வே அழைத்துவந்தவர்களும் சேர்ந்து உருவாக்கிய ஊரில், அவர்கள் வழிவந்த குடும்பங்கள் வாடகை கொடுக்க முடியாமல் பக்கத்து ஊருக்குப் போவதை எந்தப் பசுமைக் கணக்காலும் ஈடுகட்ட முடியாது.

2022 பிப்ரவரியில் இந்தப் பிரச்சினை உலகச் செய்தியானது. 53 ஏக்கரில் தனி வீடுகளோடு இரட்டை வீடுகளும் வரிசை வீடுகளும் கட்டவும், கொஞ்சம் நிலத்தைக் குறைந்த விலை வீடுகளுக்கு ஒதுக்கவும் ஒரு கட்டுமான நிறுவனம் திட்டம் வைத்திருந்தது. நகைச்சுவைக் கலைஞர் டேவ் ஷப்பெல் இந்த ஊர்வாசி. அவருடைய தந்தை ஆன்டியாக்கில் பணியாற்றியவர். திட்டம் நிறைவேறினால் ஊரில் தான் செய்யவிருந்த முதலீடுகளை விலக்கிக்கொள்வேன் என்று மன்றக் கூட்டத்தில் அவர் சொன்னார். ஓட்டுப் போட்ட நான்கு உறுப்பினர்கள் இரண்டுக்கு இரண்டு என்று சமமாகப் பிரிய, திட்டம் தோற்றது. குறைந்த விலை வீடுகளை அவர் எதிர்க்கவில்லை, சரியாக யோசிக்காத திட்டத்தைத்தான் எதிர்த்தார் என்று அவர் தரப்பு விளக்கம் கொடுத்தது. ஆனால் ஏற்கெனவே இருந்த விதியின்படி தனி வீடுகள் மட்டும் கட்ட நிறுவனத்துக்கு உரிமை இருந்தது. வீடுகள் எப்படியும் வரலாம்; நடுத்தர வருமானக்காரர் வாங்கக்கூடிய வீடுகள் மட்டும் வராது என்று அப்போது ஆனது. ஒரு பெரிய பணக்காரரின் சொல்லுக்கு நாலாயிரம் பேர்கூட இல்லாத ஊரில் எவ்வளவு கனம் என்பதும் அன்று தெரிந்தது.

இதற்கிடையில் சத்தமில்லாமல் இன்னொரு வேலை நடக்கிறது. 1990களின் இறுதியில் தொடங்கிய ஒரு வீட்டு அறக்கட்டளை, மனையைத் தன் பெயரில் வைத்துக்கொண்டு வீட்டை மட்டும் விற்கிறது. வாங்குகிறவர் மனைக்கு விலை கொடுக்க வேண்டாம் என்பதால் வீடு எட்டும் விலைக்குக் கிடைக்கிறது. பின்னால் விற்கும்போது அவருக்கு ஓரளவு லாபம் உண்டு, ஆனால் சந்தை விலைக்கு விற்க முடியாது; அடுத்து வரும் குடும்பத்துக்கும் அது கட்டுப்படியாக வேண்டும். பண்ணை நிலத்தில் கட்டடம் வராமல் தடுத்த அதே உத்திதான் இது, இந்த முறை வீட்டு விலை ஏறாமல் தடுக்கிறது. வாடகை வீடுகளும் கட்டுகிறார்கள். கட்டி முடித்தவை இன்னும் சில டஜன்கள்தான்.